ஏடிடைனி85: பழைய சிப்பில் ஏறுகிறது, புதிதாக வாங்கிய ஐந்தும் பதிலே தரவில்லை

மாடித்தொட்டி:

வணக்கம். மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக அணைக்க ஏடிடைனி85 என்ற எட்டு கால் மைக்ரோகண்ட்ரோலர் சிப் வைத்து ஒரு சின்ன போர்டு செய்கிறேன். போன வருடம் வாங்கிய ஒரு சிப்பில் எழுதிச் சோதித்துப் பார்த்தாயிற்று, நன்றாக ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டதால் ரிச்சித் தெருவில் ஒரு கடையில் ஐந்து சிப் வாங்கி வந்தேன். ஐந்தில் ஒன்றில்கூடப் புரோகிராம் ஏறவில்லை.

பிரெட்போர்டில் எட்டு பின் சாக்கெட். யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர், அதிலிருந்தே 5 வோல்ட். லினக்ஸில் ஏவிஆர்டியூட் (சிப்பில் புரோகிராம் ஏற்றும் மென்பொருள்). ஓட்டினால் 'புரோகிராம் எனேபிள்: டார்கெட் பதில் தரவில்லை' என்று வந்து நின்றுவிடுகிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஐஎஸ்பி ஸ்கெட்ச் (அந்த போர்டையே புரோகிராமராக்கும் நிரல்) ஏற்றி அதன் வழியாகவும் பார்த்தேன். அங்கே சிக்னேச்சர் (சிப்பின் வகையைச் சொல்லும் எண்) 000000 என்று வருகிறது. அதே சாக்கெட்டில், அதே ஒயர்களோடு பழைய சிப்பைச் செருகினால் உடனே படிக்கிறது.

ஏவிஆர்டியூட் கட்டளையில் மைனஸ் எஃப் போட்டுக் கட்டாயப்படுத்தினால் ஏறிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யலாமா?

ஈயப்புகை:

மைனஸ் எஃப் வேண்டாம் தம்பி. அது சிக்னேச்சர் பொருந்தாவிட்டாலும் மேலே போ என்று ஏவிஆர்டியூடுக்குச் சொல்வது, அவ்வளவுதான். சிப்பைப் பேச வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. பதில் தராத சிப்பில் அதைப் போட்டால் 000000 என்ற எண்ணையும் அப்புறம் சரிபார்ப்பில் ஒரு தோல்வியையும் காட்டும். பாதி பதில் தருகிற சிப்பில் போட்டால் ஃபியூஸில் (கிளாக், ரீசெட் போன்ற அமைப்புகளை சிப்புக்குள் வைத்திருக்கும் பிட்டுகள்) குப்பை எழுதப்பட்டு, பிழைத்திருக்க வேண்டிய சிப்பும் போய்விடும்.

உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும். புரோகிராமர் முதலில் ரீசெட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. குறைந்தது 20 மில்லிசெகண்ட் பொறுத்து நான்கு பைட் அனுப்புகிறது: ஏசி, 53, 00, 00. (எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்கள்.) மூன்றாவது பைட் போகும்போது, இரண்டாவதாகப் போன அந்த 53ஐ சிப் மிசோ (சிப் பதில் அனுப்பும் கோடு) வழியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது வந்தால்தான் சிப் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். யுஎஸ்பிஏஎஸ்பி அந்த 53ஐ எதிர்பார்த்து, வரவில்லை என்றால் 'பதில் தரவில்லை' என்று நின்றுவிடுகிறது. ஊனோவில் ஓடும் ஸ்கெட்ச் அதைச் சரிபார்ப்பதில்லை. நேராக சிக்னேச்சரைப் படிக்கப் போய், மிசோவில் ஒன்றுமே வராததால் பூஜ்ஜியங்களைக் காட்டுகிறது. ஆக உங்களுக்கு வந்த இரண்டு செய்தியும் ஒரே கோளாறைத்தான் சொல்கின்றன.

ஏடிடைனி85 என்றால் 1ஈ 93 0பி வர வேண்டும். எல்லாம் பூஜ்ஜியம் என்றால் மிசோ கீழேயே கிடக்கிறது அல்லது சிப் தூங்குகிறது. எல்லாம் எஃப் என்றால் மிசோ மேலே இழுபட்டுக் கிடக்கிறது. பெரும்பாலும் அந்த ஒயர் விட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால் வேகம், கிரவுண்ட், நீளமான ஒயர் இவற்றில் ஒன்று. நிலையாக ஒரே எண் வந்து அது வேறு சிப்பின் எண்ணாக இருந்தால், கையில் இருப்பது நிஜமாகவே வேறு சிப். ஏடிடைனி13 என்றால் 1ஈ 90 07, ஏடிடைனி45 என்றால் 1ஈ 92 06.

நொய்யல்:

வேகத்தை முதலில் பாருங்கள். ஆலையிலிருந்து வரும் ஏடிடைனி85க்குள் கிளாக் துடிப்பு தரும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருக்கிறது, ஆனால் எட்டால் வகுக்கும் ஃபியூஸ் போட்டே வரும். அதனால் சிப் ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். எஸ்சிகே (புரோகிராமர் பிட்டுகளை அனுப்பும் துடிப்பு) அதில் கால்பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள். யுஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக 375 கிலோஹெர்ட்ஸில் அடிக்கும். சில சிப் தாங்கும், சில தாங்காது. உங்கள் பழைய சிப்பை நீங்கள் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியிருந்தால் அது மட்டும் ஏறுவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

ஏவிஆர்டியூட் கட்டளையில் மைனஸ் பி 10 சேருங்கள், பெரிய எழுத்து பி. பிட் ஒன்றுக்கு 10 மைக்ரோசெகண்ட், அதாவது 100 கிலோஹெர்ட்ஸ். 'எஸ்சிகே பீரியடை அமைக்க முடியவில்லை' என்று எச்சரிக்கை வந்தால் உங்கள் புரோகிராமரில் பழைய ஃபர்ம்வேர் இருக்கிறது. போர்டில் ஜேபி3 என்ற ஜம்பர் இருக்கும், அதை இணைத்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சில நகல் போர்டுகளில் அந்த இடத்தில் பின்னே பற்றவைத்திருக்க மாட்டார்கள், இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். சின்ன ஒயர்த் துண்டு வைத்துப் பற்றவைத்தால் போதும்.

சுற்றுவட்டம்:

நொய்யல் சொன்னதோடு இதையும் பாருங்கள். சிப்பின் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளங்கள். சாக்கெட்டில் வேண்டாம், சிப்பின் காலிலேயே முனையை வைக்க வேண்டும். நீளமான பிரெட்போர்டுகளில் பவர் கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். இந்தப் பக்கம் 5 வோல்ட் இருக்கும், அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது. 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை அந்த இரண்டு காலுக்கும் ஒட்டினாற்போல் போடுங்கள். 5, 6, 7ஆம் கால்களில் எல்ஈடி, ரிலே ஏதாவது மாட்டியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அந்த மூன்றும்தான் மோசி (சிப்புக்குத் தரவு போகும் கோடு), மிசோ, எஸ்சிகே.

ஊனோ வழியாகச் செய்யும்போது, ஸ்கெட்ச் ஏற்றி முடித்த பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டீர்களா? போடாவிட்டால் ஏவிஆர்டியூட் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகி, அதன் பூட்லோடர்தான் (யுஎஸ்பி வழியே புரோகிராம் வாங்க உள்ளேயே இருக்கும் சின்ன நிரல்) பதில் சொல்ல வரும்.

மாடித்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

8க்கும் 4க்கும் இடையே 4.9 வோல்ட், காலிலேயே அளந்தது. 104 போட்டாயிற்று. மைனஸ் பி 10 போட்டேன், எச்சரிக்கை வரவில்லை. புதிய சிப்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஜேபி3 போட்டும் அதே நிலை. பழைய சிப் எல்லா வேகத்திலும் படிக்கிறது. 1ஆம் காலில் சும்மா இருக்கும்போது 4.8, கட்டளை ஓடும் நேரத்தில் கீழே இறங்கி ஏறுகிறது. ஊனோவில் 10 மைக்ரோஃபாரட் முதலிலேயே போட்டிருந்தேன்.

கடலூர்க்காற்று:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லை, ஆனால் சிப் ஏடிமெகா328. சிக்னேச்சர் ஒரு தடவை சரியாக வருகிறது, அடுத்த தடவை கலைந்து வருகிறது. சரியாக வரும்போதும் 1ஈ 95 14 என்று வந்து 'பொருந்தவில்லை' என்கிறது.

சுற்றுவட்டம்:

கடலூர்க்காற்று, உங்களுடையதில் இரண்டு தனிக் கோளாறு இருக்கிறது. 1ஈ 95 14 என்பது ஏடிமெகா328, கடைசியில் பி இல்லாதது. ஊனோவில் இருக்கும் 328பிக்கு 1ஈ 95 0எஃப். ஏவிஆர்டியூடுக்கு எந்த சிப் என்று சரியாகச் சொன்னால் அந்தப் புகார் போய்விடும், சிப்பில் குறையில்லை. எண் கலைவதற்கு, 28 கால் சிப்பில் விசிசி, ஏவிசிசி இரண்டுக்கும் 5 வோல்ட் கொடுத்து, இரண்டு கிரவுண்டு கால்களையும் கிரவுண்டில் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். பலர் ஏவிசிசி அனலாகுக்கு மட்டும்தானே என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் சிப் அரைகுறையாக ஓடி இப்படித்தான் ஆட்டம் காட்டும்.

பழையரேடியோ:

மாடித்தொட்டி, நீங்கள் செய்திருக்கும் சோதனையிலேயே பதிலில் பெரும்பகுதி இருக்கிறது. அதே சாக்கெட், அதே ஒயர், அதே கட்டளை. பழைய சிப் படிக்கிறது. ஆகவே டிரைவர், கேபிள், புரோகிராமர், பவர் எல்லாம் நிரபராதி. இனிமேல் அவற்றைத் தொடாதீர்கள். நன்றாக இருக்கும் ஒயரிங்கைச் சந்தேகத்தில் பிரித்துப் போட்டால், சரியாக இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆதாரமும் கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பழைய சிப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் அளவுகோல்.

இனிப் பார்க்க வேண்டியது சிப்புக்குள்ளே. ஐஎஸ்பி முறையில், அதாவது ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு மோசி, மிசோ, எஸ்சிகே வழியே ஏற்றும் முறையில், சிப் பதில் தர இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ரீசெட் கால் ரீசெட்டாகவே இருக்க வேண்டும். இரண்டு, உள்ளே கிளாக் துடிக்க வேண்டும், ஏனென்றால் நாம் அனுப்பும் பிட்டுகளை சிப் தன் கிளாக்கை வைத்துத்தான் வாங்குகிறது. யாரோ ஒருவர் ஃபியூஸை வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றியிருந்தால், கிரிஸ்டல் இல்லாத உங்கள் பிரெட்போர்டில் அந்த சிப்புக்குக் கிளாக்கே கிடையாது. எத்தனை மெதுவாகப் பேசினாலும் அதன் காதில் விழாது. ரீசெட்டை முடக்கும் ஃபியூஸ் போட்டிருந்தால் 1ஆம் கால் சாதாரணக் கால் ஆகிவிடும், புரோகிராமர் எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்தாலும் சிப் ஐஎஸ்பிக்குள் நுழையாது. டீபக்வயர் (ரீசெட் கால் வழியே பிழை தேடும் வசதி) ஃபியூஸ் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

ஆலையிலிருந்து நேராக வந்த சிப்பில் இவை எதுவும் இருக்காது. அதனால் ஒரு லென்ஸ் எடுத்து அந்த ஐந்து சிப்பின் கால்களையும் நன்றாகப் பாருங்கள். மேலே உள்ள எழுத்தையும் எழுதுங்கள்.

மாடித்தொட்டி:

லென்ஸில் பார்த்தேன். பழைய சிப்பின் கால்கள் ஒரே சீராக மங்கலாக இருக்கின்றன. புதியவற்றில் நான்கு சிப்பின் கால் நுனிகளில் பளபளப்பாக ஈயம் திரண்டிருக்கிறது. ஒன்றில் இரண்டு காலுக்கு நடுவே மஞ்சளாக ரோசின்கூட ஒட்டியிருக்கிறது. ஐந்தாவதின் கால்கள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் ஒரு கால் வளைந்து நிமிர்த்தப்பட்ட அடையாளம் தெரிகிறது. தேதி எண்ணும் ஒரே மாதிரி இல்லை. மூன்றில் ஒரு எண், மற்ற இரண்டில் வேறு வேறு. கடையில் புதிய சரக்கு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பழையரேடியோ:

அப்படியானால் இவை பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவை. தேதி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு வாரம். ஒரே ரீலிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்த சிப்களில் அது பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். கழற்றிய சிப்பில் முன்பு இருந்தவர் வைத்த ஃபியூஸ்தான் இருக்கும். கிரிஸ்டலோடு ஓடிய போர்டு என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து கிளாக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நொய்யல்:

திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குங்கள் என்பேன். கழற்றிய சிப்பைப் புதியது என்று விற்பது சரியில்லை. எந்த வெப்பத்தில் கழற்றினார்கள், ஸ்டாடிக் அடித்ததா என்று நமக்குத் தெரியாது. மோட்டாரை இயக்கும் போர்டு இது, நாளைக்கு நடுராத்திரியில் சிப் தொங்கினால் தொட்டி வழியும்.

பழையரேடியோ:

மோட்டார் போர்டுக்குப் புதிய சிப் வாங்குங்கள் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கழற்றியது என்பதாலேயே குப்பை என்று சொல்லமாட்டேன். இதன் ஃபிளாஷ் 10,000 தடவை எழுதி அழிக்கும் அளவுக்கு உறுதி சொல்லப்பட்டது. ஒரு போர்டில் இருந்துவிட்டு வந்ததில் அதில் ஒரு துளிகூடச் செலவாகியிருக்காது. கற்றுக்கொள்ளவும் சோதனைக்கும் தாராளமாகப் பயன்படும். எப்படியும் இவை ஏன் பேசவில்லை என்று தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுப்பது நல்லது. கடைக்காரரிடமும் ஆதாரத்தோடு பேசலாம்.

ஈயப்புகை:

கிளாக் கொடுக்கும் முறையை எழுதுகிறேன். உங்களிடம் யுஎஸ்பிஏஎஸ்பி இருப்பதால் ஊனோ சும்மாதான் இருக்கிறது, அதையே கிளாக்காக மாற்றிவிடலாம். டைமர்1ஐ சிடிசி முறையில் (குறித்த எண்ணை எட்டியதும் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி எண்ணும் முறை) வைத்து, ஒப்பீட்டில் ஓசி1ஏ கால் புரளும்படி செய்யுங்கள். ப்ரீஸ்கேலர் 1, ஓசிஆர்1ஏ 7. 16 மெகாஹெர்ட்ஸை இரண்டால் வகுத்து, அப்புறம் எட்டால் வகுத்தால் 1 மெகாஹெர்ட்ஸ். அது ஊனோவின் 9ஆம் பின்னில் வரும்.

அங்கிருந்து ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஏடிடைனியின் 2ஆம் காலுக்கு. அதுதான் கிரிஸ்டலின் முதல் கால். ஊனோவின் கிரவுண்டையும் பிரெட்போர்டு கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஊனோவின் 5 வோல்ட்டை எடுக்க வேண்டாம், பவர் யுஎஸ்பிஏஎஸ்பியிலிருந்தே போகட்டும்.

எஸ்சிகே வேகத்தை நன்றாகக் குறையுங்கள், மைனஸ் பி 50. முன்பு இருந்தவர் வெளிக் கிளாக்கோடு எட்டால் வகுக்கும் ஃபியூஸையும் விட்டுவைத்திருந்தால் சிப் 125 கிலோஹெர்ட்ஸில்தான் ஓடும். அப்போது 31 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பேசினால் கேட்காது.

முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். சிக்னேச்சர், மூன்று ஃபியூஸ். எழுதி வைத்துக்கொண்டு இங்கே போடுங்கள். அதுவரை எதையும் எழுத வேண்டாம்.

மாடித்தொட்டி:

வந்துவிட்டது! ஈயம் ஒட்டிய நான்கு சிப்பும் 1ஈ 93 0பி என்று பதில் தருகின்றன. நான்கிலும் லோ ஃபியூஸ் எஃப்எஃப், ஹை ஃபியூஸ் டிஎஃப், எக்ஸ்டென்டெட் எஃப்எஃப். ஊனோவின் 9ஆம் பின் ஒயரைப் பிடுங்கினால் உடனே பழையபடி பதில் நின்றுவிடுகிறது, செருகினால் வருகிறது. கால் வளைந்த ஐந்தாவது சிப் மட்டும் இப்போதும் பேசவில்லை.

ஈயப்புகை:

அருமை. லோ ஃபியூஸ் எஃப்எஃப் என்றால் எட்டு பிட்டும் 1. ஏவிஆரில் ஃபியூஸ் பிட் 0 என்றால் போட்டது, 1 என்றால் போடாதது. எட்டால் வகுப்பது இல்லை, கிளாக் தேர்வு நான்கு பிட்டும் 1. அது 8 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கிரிஸ்டல், நீண்ட தொடக்க நேரம். பழையரேடியோ சொன்னது அப்படியே பொருந்துகிறது.

கிளாக் ஒயர் இருக்கும்போதே லோ ஃபியூஸில் 62 என்று எழுதுங்கள், ஆலை அமைப்பு அதுதான். ஹை ஃபியூஸைத் தொட வேண்டாம், டிஎஃப் ஆலையில் வைத்ததே. எழுதிய உடனே மாற்றம் தெரியாது. சிப் புரோகிராமிங் நிலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் புதிய ஃபியூஸ் நடைமுறைக்கு வரும். அதனால் எழுதியதும் பவரை எடுத்துவிட்டு, கிளாக் ஒயரையும் எடுத்துவிட்டு, மறுபடி பவர் கொடுத்து மைனஸ் பி 10 உடன் படியுங்கள். உள் 8 மெகாஹெர்ட்ஸ் முழு வேகம் வேண்டுமென்றால் 62க்குப் பதில் ஈ2.

ஆர்டுயினோ மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பர்ன் பூட்லோடர்' அழுத்தும்போது, போர்டு மெனுவில் கிளாக் என்ன தேர்வாகியிருக்கிறதோ அதுவே ஃபியூஸாக சிப்பில் போய் உட்கார்ந்துவிடும். சிப்பில் பூட்லோடரே இல்லாவிட்டாலும் ஃபியூஸ் எழுதப்படும். மெனுவில் 'எக்ஸ்டர்னல்' என்ற சொல் எங்காவது தெரிந்தால் கையை எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

வகுப்பறை17:

நான் பாலிடெக்னிக்கில் சொல்லித் தருகிறேன். பிக் என்ற இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர் வகையில் இதே நோய் வேறு முகத்தோடு வரும், இழையைப் படிக்கும் மாணவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். பிக்12எஃப்675இல் எம்சிஎல்ஆர் (ரீசெட்) காலைச் சாதாரணக் காலாக மாற்றி, உள் ஆசிலேட்டரையும் தேர்ந்தெடுத்துவிட்டால், பவர் வந்த நொடியிலேயே பழைய புரோகிராம் ஓடத் தொடங்கி, புரோகிராமிங் கால்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அப்புறம் புரோகிராமர் தட்டினால் கதவு திறக்காது. அதற்கு விடிடிக்கு (சிப்பின் பவர்) முன்னால் விபிபி (புரோகிராமிங்குக்கான உயர்) மின்னழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். பிக்கிட் 2 என்ற பிக் புரோகிராமரின் மென்பொருளில் 'விபிபி முதலில்' என்று ஒரு தேர்வு இருக்கிறது.

அதே சிப்பில் இன்னொரு கண்ணி: உள் ஆசிலேட்டரின் திருத்த எண் நிரல் நினைவகத்தின் கடைசி முகவரியில், 3எஃப்எஃப்இல், ஆலையிலேயே எழுதப்பட்டு வருகிறது. கவனமில்லாத புரோகிராமர் மொத்தமாக அழித்தால் அதுவும் போய்விடும். அப்புறம் அந்த முகவரியை அழைத்துத் திருத்த எண்ணை வாங்கும் புரோகிராம் அங்கே ஒன்றுமில்லாமல் தொங்கும். 'ஏற்றும்போது பிழையே வரவில்லை, ஆனால் ஓடவில்லை' என்று மாணவர்கள் கொண்டுவரும் சிப்களில் நான் முதலில் பார்ப்பது அந்த முகவரியைத்தான். புதிய சிப்பை அழிப்பதற்கு முன் அதைப் படித்து, சிப்பின் முதுகில் ஒட்டிய சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். பிக்கிட் 2இல் அதை மறுபடி கணக்கிட்டு எழுதவும் வழி இருக்கிறது.

கடலூர்க்காற்று:

ஏவிசிசி இணைக்காமல்தான் இருந்தது. இணைத்ததும் எண் நிலையாக நிற்கிறது. சிப் பெயரையும் மாற்றினேன், ஏறிவிட்டது. இன்னொன்று கேட்டுவிடுகிறேன்: நண்பரிடம் ஏடிடைனி412 இருக்கிறது, அதற்கும் யுஎஸ்பிஏஎஸ்பி போதுமா?

நொய்யல்:

போதாது. அது புதிய வரிசை. ஐஎஸ்பி கிடையாது, யுபிடிஐ என்ற ஒற்றை ஒயர் முறை. எஸ்சிகே, மிசோ என்று தேடினால் கிடைக்காது. யுஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றும், டிஎக்ஸ் கோட்டில் ஒரு ரெசிஸ்டரோ ஷாட்கி டயோடோ இருந்தால் போதும், புதிய ஏவிஆர்டியூட் பதிப்புகள் அதைப் புரிந்துகொள்ளும். விவரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

மாடித்தொட்டி:

நான்கு சிப்பிலும் லோ ஃபியூஸ் 62 எழுதிவிட்டேன். கிளாக் ஒயர் இல்லாமலே படிக்கின்றன, புரோகிராம் ஏறி எல்ஈடியும் மின்னுகிறது. மனம் நிறைந்த நன்றி. ஐந்தாவதை என்ன செய்வது? பவர் கொடுத்தால் சூடாகவில்லை. 5ஆம் காலிலிருந்து 7ஆம் கால்வரை மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் பழைய சிப்பைப் போலவே காட்டுகிறது.

ஈயப்புகை:

சூடாகவில்லை, கால்களின் டயோடுகளும் நன்றாக இருக்கின்றன என்றால் சிப் உயிரோடுதான் இருக்கும். ரீசெட் முடக்கிய சிப் என்று நினைக்கிறேன். அதற்கு ஐஎஸ்பியில் வழியே இல்லை. 12 வோல்ட் முறைதான், ஹைவோல்டேஜ் சீரியல் புரோகிராமிங்.

1ஆம் காலில் 11.5 முதல் 12.5 வோல்ட்டுக்குள் கொடுத்தால், ஃபியூஸ் எப்படி இருந்தாலும் சிப் கதவைத் திறக்கும். தரவு 5ஆம் கால், கட்டளை 6ஆம் கால், பதில் 7ஆம் கால், கிளாக் 2ஆம் கால். கிளாக்கை நாமே கொடுப்பதால் கிளாக் ஃபியூஸ் தப்பாக இருந்தாலும் இந்த முறை காப்பாற்றும். ஊனோவுக்கு இதற்கென்று எழுதிய ஃபியூஸ் மீட்பு ஸ்கெட்ச்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அந்த நான்கு கோடுகளிலும் 1கே ரெசிஸ்டர், 12 வோல்ட்டைத் திறந்து மூட ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், இவ்வளவுதான் வேண்டும். சிப்பின் விசிசியையும் ஊனோவின் ஒரு பின்னே கொடுக்கும், ஏனென்றால் உள்ளே நுழையும்போது பவர் வரும் வரிசை முக்கியம்.

பிடிவாதமாகச் சொல்வது ஒன்றே ஒன்று. யுஎஸ்பிஏஎஸ்பியை அந்த பிரெட்போர்டிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் 12 வோல்ட்டை அருகில் கொண்டுவர வேண்டும். அதன் ரீசெட் ஒயர் 1ஆம் காலில் தொட்டுக்கொண்டிருந்தால் 12 வோல்ட் நேரே புரோகிராமருக்குள் போகும், அப்புறம் அதன் வழியாகக் கணினியின் யுஎஸ்பிக்கும்.

12 வோல்ட்டுக்கு, காலிங்பெல் ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரியே போதும், அந்தக் கால் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் சுமை இல்லாதபோது 12க்கு வெகு மேலே போகும். எதுவானாலும் அளந்துவிட்டுக் கொடுங்கள்.

மாடித்தொட்டி:

செய்தேன், பேசிவிட்டது! பேட்டரி 12.3 காட்டியது. சிக்னேச்சர் 1ஈ 93 0பி. லோ ஃபியூஸ் ஈ1, ஹை ஃபியூஸ் 5டி, எக்ஸ்டென்டெட் எஃப்ஈ. ஆலை அமைப்பை எழுதியதும் யுஎஸ்பிஏஎஸ்பியும் படிக்கிறது.

பழையரேடியோ:

ஈ1, 5டி, எஃப்ஈ என்ற எண்களைப் பார்த்ததுமே அது எங்கே இருந்தது என்று தெரிகிறது. யுஎஸ்பியில் நேராகச் செருகும் டிஜிஸ்பார்க் வகைக்கு எழுதும் மைக்ரோநியூக்ளியஸ் பூட்லோடருக்கான ஃபியூஸ் அவை. ஈ1 என்றால் உள் பிஎல்எல் (வேகத்தைப் பெருக்கித் தரும் சுற்று) கிளாக். எஃப்ஈ என்றால் சிப் தன்னைத் தானே எழுதிக்கொள்ள அனுமதி, பூட்லோடருக்கு அது வேண்டும். சாதாரணமாக அங்கே ஹை ஃபியூஸ் டிடி. அதில் மேல் பிட்டை மட்டும் 0 ஆக்கினால் 5டி, அதாவது ரீசெட்டை முடக்கி அதையும் ஆறாவது உபயோகக் காலாக வாங்கிக்கொண்டது. யுஎஸ்பி வழியே ஏற்றுவதால் முன்பு வைத்திருந்தவருக்கு ஐஎஸ்பி தேவைப்படவில்லை.

கடைக்காரரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். புதிய சிப்பில் இவை இருக்க வழியே இல்லை.

மாடித்தொட்டி:

காட்டினேன். பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதியவை ஐந்தும் ஒரே தேதி எண், முதல் தடவையிலேயே 62, டிஎஃப், எஃப்எஃப் என்று படித்தன.

இதில் கடைசியாக ஒரு சந்தேகம். தொட்டியில் நான்கு மட்டம் பார்க்க நான்கு கால், ரிலேவுக்கு ஒன்று, பஸ்ஸருக்கு ஒன்று என்று எனக்கு ஆறு கால் வேண்டும். ஏடிடைனி85இல் பவர், கிரவுண்ட், ரீசெட் போக ஐந்துதான் இருக்கிறது. நானும் ரீசெட்டை முடக்கி ஆறாவது காலை எடுத்துக்கொள்ளலாமா? 12 வோல்ட் வழிதான் இப்போது தெரிந்துவிட்டதே.

ஈயப்புகை:

வேண்டாம். மாடியில் மாட்டிய போர்டை ஒரு வரி மாற்றுவதற்காகக் கழற்றி, சிப்பைப் பிடுங்கி 12 வோல்ட் கொடுக்க வேண்டிவரும். நான்கு மட்டத்துக்கும் மிதவை சுவிட்ச் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மதிப்புள்ள ரெசிஸ்டர் வைத்து எல்லாவற்றையும் ஒரே ஏடிசி காலில் (மின்னழுத்தத்தை அளக்கும் கால்) சேர்த்துவிடுங்கள். எந்தெந்த சுவிட்ச் மூடியிருக்கிறது என்பதை மின்னழுத்தமே சொல்லிவிடும். தண்ணீரில் வெறும் கம்பியை விட்டுச் செய்வதாக இருந்தால் இந்த வழி சரிவராது; தண்ணீரின் மின்தடை நாளுக்கு நாள் மாறும், நேர்மின்சாரம் ஓடினால் கம்பியும் அரிக்கும்.

ஏடிசி 2ஆம் காலில், ரிலே 3ஆம் காலில் இருக்கட்டும். பஸ்ஸர் டிரான்சிஸ்டரின் பேஸ் 1கே வழியாக 5ஆம் காலில். ரிலேவை 5, 6, 7 மூன்றிலும் போட வேண்டாம். போட்டால் போர்டில் வைத்தே புரோகிராம் ஏற்றும்போது, அந்தக் கோட்டில் ஓடும் ஒவ்வொரு பிட்டுக்கும் ரிலே துடிக்கப் பார்க்கும், மோட்டாரும் சேர்ந்து உதறும். ரீசெட்டில் இருக்கும்போது சிப்பின் கால்கள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அதனால் ரிலே டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே கட்டாயம் போடுங்கள், ஏற்றி முடியும்வரை மோட்டார் அணைந்தே இருக்கும்.